பன்றி ஏன் காசைக் கீழே போட்டது?



சென்ற திங்கள் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று என்னை முதலில் நகைக்கவும், பின்னர் நெடுநேரம் எண்ணவும் செய்தது. எழுதியவர் ஒரு தந்தை. சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணி ஆற்றுபவர். அவருடைய மூத்த மகள் விலங்கியலில் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்கிறாள். மேற்கொண்டு விலங்குகளின் நடத்தையையும் அவற்றைப் பயிற்றும் முறைகளையும் முதுகலை வகுப்பில் பயில விழைகிறாள். "நாயை உட்கார், எழு என்று பழக்குவதற்கு ஒரு முதுகலைப் பட்டம் வேண்டுமா? கரடி ஆட்டியவனும் குரங்கு ஆட்டியவனும் எந்தக் கல்லூரியில் பயின்றார்கள்? அப்படியே பயின்றாலும், நாளைக்குத் திருமணம் என்று வந்தால் பாதியில் நிற்கப் போகிற படிப்புத்தானே?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

பிள்ளையின் படிப்புக்காகக் கடன்படத் துணியும் தந்தைக்கு எதையும் கேட்கும் உரிமை உண்டு. ஆயினும் விடை கூறுமுன் ஒரு பெண்மணியின் வரலாற்றை அவருக்கும் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். அதில் கோழிகளும், ஒரு பன்றியும், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி அணிந்தாற்போன்ற ஒரு காட்டுப் பிராணியும் வரும். ஆகவே சிறுவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு படிக்கலாம்.

மரியன் குரூஸ் 1920-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். அம்மாநிலப் பல்கலைக் கழகத்தில் பயின்ற காலத்தில் பி. எஃப். ஸ்கின்னர் என்னும் உளவியல் ஆசிரியரின் மாணவியானார். 1941-இல் உயர்ந்த தகுதியுடன் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கெல்லர் பிரீலண்டு என்பவரை மணந்தார். கணவரும் மனைவியும் ஸ்கின்னரிடமே மேற்படிப்பைத் தொடங்கினர்.

ஸ்கின்னரின் கொள்கையை நம் சமையலறை மொழியில் இப்படிச் சொல்லலாம்: ஒரு செயலைத் தொடர்ந்து நன்மை கிட்டுமானால் அச்செயல் மீண்டும் நிகழும், ஒன்றுமே கிட்டாவிட்டால் நாளடைவில் தேய்ந்து போகும். பெட்டிக்குள் அடைபட்ட எலி தற்செயலாக ஒரு நெம்புகோலை அழுத்துகிறது. உடனே ஓர் உணவு உருண்டை விழுகிறது. சிறிது நேரத்தில் எலி வேண்டுமென்றே அழுத்தத் தொடங்குகிறது. இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். எந்தச் செயலுக்கு, எந்த நொடியில், எத்தனை முறைக்கு ஒரு முறை பரிசு தருவது என்பதை அளந்து அளந்து பார்த்தவர் ஸ்கின்னர். வேண்டிய செயலை ஒரே மூச்சில் எதிர்பாராமல், அதற்குச் சற்றே நெருங்கிய அசைவுக்கும் பரிசு தந்து, படிப்படியாக அழைத்துச் செல்லும் வழியையும் வகுத்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. வெடிகுண்டினுள் புறாவை அமர்த்தி, திரையில் தெரியும் இலக்கை அது அலகால் கொத்த, அக்கொத்தலைக் கொண்டே குண்டைச் செலுத்தலாம் என்று ஸ்கின்னர் திட்டமிட்டார். மினியாப்பொலிசு நகரின் மாவு ஆலை ஒன்றின் மேல்மாடியில் அந்த ஆய்வு நடைபெற்றது. பிரீலண்டு இணையரும் அதில் பங்கு கொண்டனர். புறாக்கள் நன்றாகவே கற்றன; ஆனால் படைத்துறை அவற்றை ஒருபோதும் பயன்படுத்தவில்லை. (அதற்காக வருந்துவோர் வருந்தட்டும், புறாக்களின் பொருட்டு நான் மகிழ்கிறேன்.) எனினும் அம்மாடியில் ஓர் உண்மை அவ்விருவருக்கும் புலப்பட்டது. ஆய்வுக் கூடத்துப் பெட்டிக்கு வெளியேயும், எந்தப் பறவைக்கும் எந்த விலங்குக்கும், அடியின்றி உதையின்றிப் பயிற்சி அளிக்கலாம். அதையே வாழ்க்கைத் தொழிலாகவும் கொள்ளலாம்!

அவர்கள் முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டனர். ஆம், நம் தந்தையார் அஞ்சுவது போலவே, திருமணத்துக்குப் பின் படிப்பு நின்றது. 1940-களிலேயே விலங்குகளைப் பயிற்றும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். கால்நடைத் தீவனம் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்காக, ஊர்ச் சந்தைகளிலும் பொருட்காட்சிகளிலும் காட்டுவதற்குக் கோழிகளைப் பழக்கினர். ஒரு கோழி சிறு பியானோவில் ஐந்து சுரம் கொண்ட இசையை வாசித்தது. மற்றொன்று உடையும் காலணியும் பூண்டு ஆடியது. மூன்றாவது கோழியின் கூட்டிலிருந்து மரமுட்டைகள் உருண்டு வந்தன. பார்வையாளர் எத்தனை முட்டை வேண்டும் என்று கூவினாலும், எட்டு வரை, அத்தனையும் இட்டுக் காட்டியது! பயிற்சி அவ்வளவு திட்டமாக அமைந்திருந்தமையால், தீவனம் விற்கும் பணியாளரே சிறிது நேரம் கேட்டறிந்து காட்சியை நடத்த முடிந்தது.

இங்கே ஒரு சிறு கருவியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. விரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் தகரப் பொம்மையை நம் திருவிழாக் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். கோழி தலையைச் சரியாகத் திருப்பிய அந்த நொடியிலேயே தானியத்தை அதன் வாயில் இடுவது இயலாத செயல். நம் கை நீளுமுன் அது வேறு எதையோ செய்துகொண்டிருக்கும். எனவே அந்த நொடியில் 'டிக்' ஒலி; தானியம் பின்னே வரும். ஒலி கேட்டால் இரை உறுதி என்று பறவை அறிந்துகொள்கிறது. செயலையும் பரிசையும் இணைக்கும் இவ்வொலியைப் பிரீலண்டு இணையர் 'பாலம்' என்றே அழைத்தனர். இன்று உலகெங்கும் நாய் பழக்குவோர் கையில் காணப்படும் சிறு ஒலிப்பான் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே.

1951-இல் அவர்கள் தங்கள் வெற்றியை உளவியல் இதழொன்றில் எழுதினர். ஆர்க்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்சு நகரில் குடியேறி, 1955-இல் அங்கே ஒரு விலங்குக் காட்சிக் கூடத்தையும் திறந்தனர். எல்லாம் கொள்கைப்படியே நடப்பதாகத் தோன்றியது. ஆனால் விலங்குகள் கொள்கையைப் படித்தவை அல்லவே!

வங்கிகளின் சேமிப்பு விளம்பரத்துக்காக ஒரு பன்றியைப் பழக்கினர். பெரிய மரக்காசுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விச் சென்று, சில அடித் தொலைவிலுள்ள உண்டியலில் இடவேண்டும்; நான்கு ஐந்து காசுகளுக்கு ஒரு முறை உணவு. பன்றியைப் போல் விரைவில் கற்கும் பிராணிகள் சிலவே. தொடக்கத்தில் அது ஓடி ஓடிக் காசு சேர்த்தது. வாரங்கள் சென்றன. மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. போகும் வழியில் காசைக் கீழே போட்டது. மூக்கால் மண்ணைக் கிளறுவது போல் அதைக் கிளறியது. எடுத்து மேலே எறிந்தது. மீண்டும் போட்டுக் கிளறியது. பசி போதவில்லையோ என்று எண்ணிப் பசியை மிகுத்துப் பார்த்தனர். கிளறலும் எறிதலும் மேலும் வலுத்தனவே ஒழியக் குறையவில்லை. முடிவில் நான்கு காசுகளை ஆறடித் தொலைவு கொண்டு செல்ல அதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்த வேகத்தில் நாள் முழுதும் உழைத்தாலும் வயிற்றுக்குப் போதிய உணவு கிட்டாது. பரிசு கண்முன் இருந்தது, வழியும் தெரிந்திருந்தது, ஆயினும் பன்றி கிளறியது!

ரக்கூன் என்னும் பிராணியின் கதை இன்னும் வேடிக்கை. பூனையை விடச் சற்றுப் பெரியது. முன்னங்கால்களை மனிதக் கைகளைப் போலவே பயன்படுத்தும். ஒரே ஒரு காசை எடுத்துப் பெட்டியில் இடு என்று பழக்கியபோது, எடுப்பதில் தடையில்லை, விடுவதில்தான் தடை. பெட்டியின் உட்புறத்தில் காசைத் தேய்க்கும், வெளியே இழுக்கும், சில நொடிகள் இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு ஒருவாறு விட்டுவிட்டு உணவைப் பெறும். இரண்டு காசுகளைக் கொடுத்ததும் நிலைமை கைமீறிற்று. இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, கருமியைப் போல நிமிடக் கணக்கில் அமர்ந்திருந்தது. நீரோரத்தில் நண்டு முதலியவற்றைக் கையால் உருட்டித் தேய்த்து உண்ணும் இனம் அது. காசு உணவைக் கொண்டு வரும் பொருளாயிற்று. அவ்வளவில் கைகள் அதை உணவாகவே நடத்தத் தொடங்கின.

கோழிகளிடத்திலும் இதுவே. மேடையில் ஏறிப் பன்னிரண்டு பதினைந்து நொடி அசையாமல் நின்றால் போதும் என்று பழக்கினர். பாதிக்கும் மேற்பட்ட கோழிகள் நிற்க மறுத்துக் காலால் சீய்த்தன. பிரீலண்டு இணையர் கெட்டிக்காரர்கள். அச்சீய்ப்பையே 'நடனம்' என்று பெயரிட்டுக் காட்சியாக்கிவிட்டனர். இதைப் படித்தபோது எங்கள் வீட்டுச் சிமெண்டு முற்றத்தில் அம்மா தட்டில் நொய் வைத்த காட்சி என் கண்முன் வந்தது. கிளறுவதற்கு அங்கே மண்ணும் இல்லை, தேவையும் இல்லை. ஆயினும் கோழி இரண்டு முறை தரையைச் சீய்த்துவிட்டுத்தான் கொத்தும். எத்தனை ஆண்டுகள் பார்த்தேன்! ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா?

பிரீலண்டு இணையர் கேட்டனர். அதுவரை முப்பத்தெட்டு வகையைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பழக்கிய பட்டறிவுடன், 1961-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஸ்கின்னர் 1938-இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் பெயர் 'உயிரிகளின் நடத்தை' என்று பொருள்படும். மாணவர்கள் தம் கட்டுரைக்கு இட்ட பெயரோ 'உயிரிகளின் தவறிய நடத்தை' என்பது. குறும்புதான், ஆனால் உள்ளே இருந்தது தங்கள் தோல்விகளின் நேர்மையான பட்டியல். கற்பித்த செயல், காலம் செல்லச் செல்ல, அவ்வினத்தின் இயல்பூக்கத்தை நோக்கிச் சரிந்துவிடுகிறது. அச்சரிவு பரிசைத் தாமதப்படுத்தினாலும் நிற்பதில்லை என்று அவர்கள் காட்டினர். உயிரினம் வெற்றுப் பலகையாகப் பயிற்சிக் கூடத்துக்கு வருவதில்லை. அதன் முன்னோர் எங்கே வாழ்ந்தனர், எதை உண்டனர், எப்படித் தேடினர் என்பதை அறியாதவர் அதன் நடத்தையை முன்கூட்டிச் சொல்லவோ நெடுங்காலம் கட்டுப்படுத்தவோ இயலாது. பரிசு முறை பொய் என்று அவர்கள் சொல்லவில்லை; அதைக் கொண்டுதான் தொடர்ந்து பிழைத்தார்கள். அதன் எல்லை எங்கே என்று சொன்னார்கள்.

நம் தந்தையாரின் முதல் வினாவுக்கு விடை இக்கட்டுரையில் இருப்பதாக எண்ணுகிறேன். நாயை உட்கார வைக்கப் பட்டம் தேவையில்லை. ஆனால் நேற்று வரை உட்கார்ந்த நாய் இன்று ஏன் உட்காரவில்லை என்று கேட்டால், பழக்குபவரின் கைத்திறன் அங்கே நின்றுவிடுகிறது. பிரம்பை எடுப்பவர் பலர். அறியப் புகுபவருக்குத்தான் படிப்பு வேண்டும்.

இரண்டாவது வினாவுக்கும் மரியனே விடை. 1965-இல் கெல்லர் காலமானார். மூன்று பிள்ளைகளின் தாயான மரியன் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். உடன் பணியாற்றிய பாப் பெய்லி என்பவரை 1976-இல் மறுமணம் செய்துகொண்டார். 1978-இல், ஐம்பத்தேழாம் வயதில், ஆர்க்கன்சா பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்! ஆயிரக்கணக்கான உயிர்களைப் பழக்கியவருக்கு அந்தப் பட்டம் எதற்கு என்று அண்டை அயலார் கேட்டிருக்கக்கூடும். அவரோ அதைக் கொண்டு ஹெண்டர்சன் மாநிலப் பல்கலைக் கழகத்தில் 1981 முதல் 1998 வரை மாணவர்களுக்குக் கற்பித்தார். நாய் பழக்குவோரையும் பிறரையும் கூட்டி, அவரும் பாப் பெய்லியும் நடத்திய பயிற்சி முகாம்களில் மாணவர் கையில் கொடுக்கப்பட்டது கோழி. கோழி நம்மை மகிழ்விக்க முயலாது; நம் பிழையை மன்னித்து ஊகித்துக்கொள்ளாது. அரை நொடி பிந்தி 'டிக்' ஒலித்தால், அந்த அரை நொடியில் செய்த வேண்டாத செயலையே கற்றுக்கொண்டு நம் முன் நிற்கும். மரியன் 2001-இல் மறைந்தார்.

சரி, முதுகலை வகுப்பில் என்னதான் கற்பிக்கிறார்கள்? டச்சு நாட்டில் பிறந்த நிக்கோ டின்பெர்கன் 1963-இல் வகுத்த நான்கு வினாக்கள் இத்துறையில் இன்றும் அரிச்சுவடி போன்றவை. முற்றத்துக் கோழியையே எடுத்துக்கொள்வோம். இந்த நொடியில் அதைச் சீய்க்கத் தூண்டுவது எது? குஞ்சாக இருந்தபோது இப்பழக்கம் எப்படி வளர்ந்தது? அது உயிர் வாழ இதனால் என்ன பயன்? அதன் முன்னோரிடமிருந்து இது எவ்வழியில் வந்தது? ஒரே செயலுக்கு நான்கு விடை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. இந்த டின்பெர்கனும், கொன்ராட் லோரன்சும், தேனீக்களின் நடன மொழியை அறிந்து கூறிய கார்ல் ஃபான் ஃபிரிஷும் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதனினும் கடினமான பாடம் ஒன்று உண்டு; தன் கண்ணையே ஐயுறுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை, கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. அதன் உரிமையாளர் ஃபான் ஓஸ்டன், ஓய்வு பெற்ற ஆசிரியர், உள்ளத்தில் கள்ளமில்லாதவர். 1904-இல் ஆராய்ந்த குழுவினர் இதில் மோசடி இல்லை என்றே கூறினர். பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வு மாணவர் பொறுமையுடன் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் கண்ணில் படாதபோதும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை, அவரே அறியாமல், மயிரிழையளவு நிமிர்கிறது. அதைக் கண்டு குதிரை நிறுத்துகிறது! உண்மையை அறிந்தபின்னும் அந்த அசைவை முற்றும் அடக்கத் தம்மால் இயலவில்லை என்பதையும் ஃபுங்ஸ்ட் கண்டார். 1907-இல் அவர் எழுதிய நூலுக்குப் பின், விலங்கு ஆய்வில் விடை அறியாதவரைக் கொண்டு சோதிப்பது முறையாயிற்று. இதற்காகத்தான் இவ்வகுப்புகளில் புள்ளியியலும் சோதனை அமைக்கும் முறையும் அத்தனை பெரிய இடம் பெறுகின்றன. விலங்கின் மீதுள்ள அன்பினால் மட்டும் சேர்ந்த பிள்ளைகள் அங்கேதான் திணறுகிறார்கள் என்பதை உன் மகளிடம் சொல், நண்பரே.

எங்கே பயிலலாம்? ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக் கழகம் விலங்கு நடத்தையையும் விலங்கு நலனையும் இணைத்து முதுகலைப் படிப்பு நடத்தி வந்துள்ளது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக் கழகம், கடிக்கும் நாய், அஞ்சும் பூனை போன்றவற்றின் குறைகளை ஆராய்ந்து தீர்க்கும் பயிற்சிக்குப் பெயர் பெற்றது. செலவு பெரிது, கட்டணத்தை நேரில் எழுதிக் கேட்டறிக. ஆனால் கடல் கடந்தால்தான் இக்கல்வி என்று எண்ண வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் விலங்கு நடத்தைக்கென்றே துறை அமைத்துப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் வழிகாட்டினார். அவரும் மாணவர்களும் வௌவால் குகையின் இருளில் நடத்திய ஆய்வு 1981-இல் வெளியாயிற்று. பகலிரவு தெரியாத இருளில் கூண்டில் இருந்த வௌவால், உடன் வாழும் வௌவால்கள் மாலையில் வெளியேறுவதையும் விடியலில் திரும்புவதையும் கொண்டே நேரத்தைச் சரியாகக் காத்தது. உறவினர் எவருமற்ற குகையில் தனித்து வைத்தபோதோ அதன் கடிகாரம் நாள்தோறும் சிறிது நழுவியது.

வேலை வாய்ப்பைப் பற்றி இனிப்பாகப் பேச எனக்கு விருப்பமில்லை. மருத்துவம், பொறியியல் போல் வரிசையாகக் காத்திருக்கும் பணியிடங்கள் இதற்கு நம் நாட்டில் இல்லை. ஆயினும் பணி இருக்கிறது. நல்ல விலங்குக் காட்சிச் சாலைகளில் விலங்கைக் கட்டிப் பிடிக்காமல், தானே காலை நீட்டிக் குருதி எடுக்க இசையுமாறு பழக்குகிறார்கள். தன்சானியா நாட்டில் பெரிய பை எலிகளுக்கு, அதே 'டிக்' ஒலியையும் சிறிது வாழைப்பழத்தையும் கொண்டு, கண்ணிவெடியின் மணத்தை அறியக் கற்பிக்கிறார்கள். எலியின் எடைக்கு வெடி வெடிப்பதில்லை. மகாவா என்ற அத்தகைய எலி கம்போடியாவில் 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது; 2020-இல் அதற்குப் பொற்பதக்கம் அளித்தனர். மண்ணை மோந்து, மோந்த இடத்தைச் சுரண்டிக் காட்டுவது எலிக்கு இயல்பான செயல். அந்த இயல்போடு ஒத்துப் போகும் பணியை அதற்குக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பன்றிக்கு உண்டியல் கொடுத்தது போலன்று.

ஆகவே, நண்பரே, விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுமுன் மகளுக்கு ஒரு தேர்வு வையுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு கோழியையோ நாயையோ தெரிந்துகொண்டு, ஒரு வாரம், நாள்தோறும் ஒரே வேளையில் கால் மணி நேரம் அமர்ந்து அது செய்வதை ஏட்டில் எழுதட்டும். கோபப்பட்டது, பொறாமைப்பட்டது என்று எழுதக் கூடாது. காதை மடக்கியது, இரண்டடி பின்வாங்கியது என்று கண்டதை மட்டுமே எழுத வேண்டும். அதே நேரத்தில், சற்றுத் தள்ளி அமர்ந்து, நீங்களும் வேறோர் ஏட்டில் எழுதி வாருங்கள். வாரம் முடியும் வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை இடங்களில் நீங்கள் இருவரும் ஒன்றையே கண்டீர்கள், எத்தனை இடங்களில் வெவ்வேறாகக் கண்டீர்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அடுத்த திங்கள் அதைப் பற்றிப் பேசுவோம்.